மண்டபத்துக்குள் றப்பர் விமானம்: 3 கிராம் மாதிரியைப் போட்டிக்குத் தயார்ப்படுத்துவது எப்படி?

றிமோட் இல்லை, பற்றரி இல்லை. முறுக்கிய றப்பர் ஒன்று, அதன் பலத்தில் சுழலும் காற்றாடி ஒன்று. கையை விட்டால் விமானம் தன்பாட்டில் வட்டமடிக்கும், நிலத்தைத் தொடும்வரை எத்தனை விநாடி நின்றது என்பதுதான் போட்டி. விட்டபிறகு ஒன்றும் திருத்த முடியாது, ஆகவே வேலை எல்லாம் விடுவதற்கு முன்னம்தான்.

கிளிநொச்சிப் பக்கம் ஒரு பாடசாலை மண்டபத்தில் பிள்ளைகளோடு சேர்ந்து இதைச் சில வருடமாகச் செய்துவருகிறேன். புதிதாக வருகிற எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள்: இறக்கை செய்ய இரண்டு கிழமை போகும், றப்பருக்குப் பத்து நிமிடம்கூடக் கொடுக்கமாட்டார்கள். ஆனால் நேரத்தைத் தீர்மானிப்பது றப்பர்தான். அதனால் இங்கே கட்டுகிற பகுதியைச் சுருக்கமாகவும் றப்பர்ப் பகுதியை விரிவாகவும் எழுதியிருக்கிறேன். படிகளின் ஒழுங்கை மாற்றாமல் போங்கள், ஒவ்வொரு படியும் அடுத்ததுக்குத் தேவைப்படும்.

1. மண்டபத்தையும் நேரத்தையும் முதலில் பிடியுங்கள்

விமானம் கட்டத் தொடங்குமுன் மண்டபத்தைப் போய்ப் பாருங்கள். கூரையின் உயரம், மின்விசிறிகள் எவ்வளவு கீழே தொங்குகின்றன, பூக்கல் எந்தப் பக்கச் சுவரில் இருக்கிறது, கதவுகள் சரியாகப் பூட்டுமா, இவ்வளவையும் கொப்பியில் குறியுங்கள். சர்வதேச விதிகளில் மண்டபங்களை உயரத்தை வைத்து நான்காகப் பிரிக்கிறார்கள்: 8 மீற்றருக்குக் குறைந்தது, 8 முதல் 15, 15 முதல் 30, அதற்கு மேல். எங்கள் பாடசாலை மண்டபங்கள் பெரும்பாலும் முதலாம் வகைக்குள் வந்துவிடும். இது முக்கியம், ஏனென்றால் தாழ்ந்த கூரைக்கும் உயர்ந்த கூரைக்கும் ஒரே றப்பர் சரிவராது.

நேரம் அதைவிட முக்கியம். தகரக் கூரை பத்து மணிக்கே சுடத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு மேலே சூடான காற்று தேங்கும், சுவரோரம் ஒரு ஓட்டம் ஏறும், இன்னொரு பக்கம் இறங்கும், விமானம் உங்கள் பேச்சைக் கேட்காது. வைகாசி, ஆனியில் கச்சான் அடிக்கிற நாளில் பூக்கல்லுக்குச் சாக்குக் கட்டினாலும் காற்று உள்ளே வந்துதான் தீரும். நாங்கள் காலை ஐந்தரைக்குத் திறப்பு வாங்கி எட்டு மணியோடு முடித்துவிடுவோம்.

காற்று நிற்கிறதா என்று பார்க்க ஒரு சந்தனக்குச்சி போதும். மண்டபத்தின் நான்கு மூலையிலும் நடுவிலும் கொளுத்திப் பிடித்துப் பாருங்கள், புகை இரண்டு அடி நேராக ஏறினால் பறக்கலாம். ருமேனியாவில் ஸ்லானிக் என்ற ஊரில் பழைய உப்புச் சுரங்கத்துக்குள் உலகப் போட்டிகளே நடத்துகிறார்கள், அங்கே வெப்பநிலை வருடம் முழுக்க ஏறக்குறைய 12 பாகை. எங்களுக்கு அந்த வசதி இல்லை, விடிகாலைதான் எங்கள் சுரங்கம்.

2. வகுப்பைத் தெரிந்து நிறையைப் பங்கிடுங்கள்

உலகப் போட்டியின் பெரிய வகுப்பு எஃப்1டி. இறக்கை முனையிலிருந்து முனை ஆகக் கூடியது 55 சென்ரிமீற்றர், றப்பர் இல்லாமல் நிறை ஆகக் குறைந்தது 1.4 கிராம், றப்பர் ஆகக் கூடியது 0.4 கிராம். 1.4 கிராம் என்றால் எவ்வளவு? சாதாரண 80 கிராம் ஏ4 தாள் ஒன்று 5 கிராம், அதை நாலாகக் கிழித்த ஒரு துண்டைவிடக் கொஞ்சம் கூட. அதிலிருந்து தொடங்க வேண்டாம்.

தொடங்க ஏற்றது எஃப்1எம். இறக்கை ஆகக் கூடியது 46 சென்ரிமீற்றர், நிறை ஆகக் குறைந்தது 3 கிராம், றப்பர் ஆகக் கூடியது 1.5 கிராம். கையில் எடுத்தால் உடையாது, ஆனால் தப்பு விட்டால் காட்டிக்கொடுக்கும்.

3 கிராமை முதலிலேயே பங்கிடுங்கள். எங்கள் கணக்கு: இறக்கை 1.1, வாலும் செட்டையும் (பின்னால் நிமிர்ந்து நிற்கிற தகடு) 0.5, தண்டு 0.8, காற்றாடியும் கம்பியும் 0.6. ஒவ்வொரு பாகமும் முடிந்த உடனேயே நிறுத்து எழுதுங்கள். எல்லாம் ஒட்டி முடித்துவிட்டு நிறுத்தால் 4.3 என்று காட்டும், எங்கே கூடியது என்று யாருக்கும் தெரியாது. முதல் விமானம் 3.5இல் வந்தால் கவலைப்படாதீர்கள், அதை வைத்தே பழகலாம்.

3. முன்கூட்டியே சேர்க்க வேண்டிய சாமான்கள்

0.01 கிராம் காட்டுகிற சின்னத் தராசு. நகைக்கடைக்காரர் வைத்திருக்கிற மாதிரி, ஒன்லைனில் எடுக்கலாம். வந்த உடனே சிரிஞ்சில் 1 மில்லிலீற்றர் தண்ணீர் எடுத்து விட்டுப் பாருங்கள், 1 கிராம் காட்ட வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் நிறுக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றையும் சேர்த்து நிறுப்பீர்கள்.

பல்சா. இங்கே கடையில் கிடைக்காது, வரவழைக்கத்தான் வேண்டும். 10 சென்ரிமீற்றர் அகலம், ஒரு மீற்றர் நீளம், 1 மில்லிமீற்றர் தடிப்புள்ள பலகை 10 கிராமுக்குள் நின்றால் இறக்கைக்கு எடுங்கள். 16 கிராம் உள்ளதும் அதே விலைக்குத்தான் வரும், அதை வேறு வேலைக்கு வையுங்கள்.

மூடும் தாள். பட்டம் கட்டுகிற ரிசு பேப்பர்தான் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வரும். மாரியில் அது ஈரம் குடித்துத் தொய்யும், காய்ந்தால் இழுத்து இறக்கையை முறுக்கும். சோற்றுப் பார்சல் சுற்றுகிற லஞ்ச் சீற் நல்லது. அரை மீற்றருக்கு அரை மீற்றர் வெட்டி, மடித்து நிறுத்து, நாலால் பெருக்குங்கள். எங்களிடம் இருந்தது சதுர மீற்றருக்கு 11 கிராம் அளவில் வந்தது, 46 சென்ரிமீற்றர் இறக்கைக்கு அரைக் கிராமுக்குச் சற்றுக் கூடத்தான் ஏறும்.

கிற்றார்க் கம்பி, காற்றாடியின் அச்சுக்கும் கொக்கிகளுக்கும். இரண்டாம் நரம்பின் தடிப்பு அளவாக இருக்கும்.

கை ட்ரில், முறுக்குவதற்கு. பெரிய சக்கரத்தின் பற்களையும் சின்னதின் பற்களையும் எண்ணுங்கள். 60க்கு 15 என்றால் கைப்பிடி ஒரு சுற்றுச் சுற்றினால் றப்பருக்கு நாலு முறுக்கு. இதை ஊகிக்க வேண்டாம், ஊகித்தால் உங்கள் கொப்பியில் இருக்கிற எல்லா இலக்கமும் பொய்.

மோட்டர்சைக்கிள் உதிரிப்பாகக் கடையில் விற்கிற சின்ன ஓ-ரிங் பத்து. மேசையில் இறுக்கக்கூடிய ஒரு கொக்கி. கிளிசரின். ஒரு கொப்பி, பென்சில். கொப்பி இல்லாவிட்டால் மற்றதெல்லாம் இருந்தும் பிரயோசனம் இல்லை.

4. கட்டும் ஒழுங்கு

தண்டு, வால், இறக்கை, கடைசியாகக் காற்றாடி. தண்டை முதலில் செய்வது ஏனென்றால் முறுக்கிய றப்பர் அதைத்தான் வளைக்கப் பார்க்கும், அது பலமில்லாவிட்டால் மற்றதைக் கட்டி என்ன? இரண்டு முனையையும் விரல்களுக்கு இடையே பிடித்து மெல்ல அமர்த்துங்கள், வில்லாக வளைந்தால் வேறு துண்டு எடுங்கள்.

இறக்கையைத் தண்டில் ஒட்டிவிடாதீர்கள். புதியவர்கள் விடுகிற பெரிய பிழை இதுதான். ஒட்டினால் கோணம் மாற்ற முடியாது, கோணம் மாற்றாமல் எந்த விமானமும் முதல் நாளே பறக்காது. பட்டத்துக்கு முச்சை கட்டியவர்களுக்கு இது விளங்கும்: முச்சையை முடிச்சுப் போட்டு இறுக்கிவிட்டு யாராவது பட்டம் ஏற்றுவார்களா? செய்கிற முறை: ரிசு பேப்பரைப் பசை தடவி ஒரு கம்பியில் சுற்றிச் சின்னக் குழாய் இரண்டு செய்யுங்கள், அவற்றைத் தண்டின் பக்கவாட்டில் முன்னும் பின்னுமாக நிமிர்த்தி ஒட்டுங்கள். எரிந்து முடிந்த சந்தனக்குச்சியின் மூங்கில் அடியைத் தேய்த்துக் கால்களாக்கி இறக்கையில் ஒட்டி, குழாய்க்குள் இறுக்கமாக இறக்குங்கள். கால் மேலே கீழே அரை மில்லிமீற்றர் அசைந்தால்கூடப் பறப்பு மாறும்.

பசைக்கு வெள்ளைப் பசையைப் பாதித் தண்ணீர் கலந்து, பல்குச்சி நுனியால் வையுங்கள். சுப்பர் குளூ வேகம்தான், ஆனால் ஒரு துளி வழிந்தால் அதுவே பாரம். லஞ்ச் சீற்றை ஒட்டுமுன் ஒருக்கால் கசக்கி விரித்துவிட்டு, கொஞ்சம் தளர்வாக விட்டு ஒட்டுங்கள். மேளத் தோல் மாதிரி இழுத்து ஒட்டினால் பார்க்க வடிவாக இருக்கும், அடுத்தநாள் காலையில் இறக்கை முறுகியிருக்கும்.

காற்றாடிக்கு யோகட் கப் எடுங்கள். கப்பின் பக்கத்தில், நிமிர்ந்த கோட்டுக்கு 15 பாகை சரிவாக இதழை வரைந்து வெட்டினால் அதன் வளைவே தேவையான முறுக்கலைத் தந்துவிடும். இரண்டு இதழும் ஒரே சரிவில், ஒரே நிறையில் இருக்க வேண்டும். அச்சில் போட்டுச் சுண்டிவிடுங்கள், ஒரு இதழ் எப்போதும் கீழே வந்து நின்றால் அதைச் சுரண்டுங்கள். பாரமான காற்றாடி அசைந்து அசைந்து சுற்றும், றப்பரின் பலம் அந்த ஆட்டத்திலேயே போய்விடும்.

5. மேசையில் பார்க்க வேண்டியவை

பறக்கவிட முன்னம் விமானத்தைப் பின்பக்கமிருந்து கண் மட்டத்தில் பாருங்கள். நாங்கள் எல்லா விமானத்தையும் இடப்பக்கமாக வட்டமடிக்க வைக்கிறோம். காற்றாடி வலஞ்சுழியாகச் சுற்றும்போது அதன் எதிர்விசை விமானத்தை இடப்பக்கம் சாய்க்கப் பார்க்கும், அதோடு மல்லுக்கட்டுவதைவிட அதே பக்கம் வட்டமடிக்க விடுவது லேசு.

ஆனால் தடுக்காமல் விட்டால் இடது இறக்கை ஒரேயடியாகச் சாய்ந்து விமானம் சுருண்டு விழும். அதற்காக இடது இறக்கையின் முன் ஓரம் பின் ஓரத்தைவிட 3 மில்லிமீற்றர் அளவு தூக்கியிருக்க வேண்டும். வலது இறக்கை தட்டையாகவே இருக்கட்டும்.

வாலைச் சரியுங்கள், பின்னாலிருந்து பார்க்கும்போது இடது முனை உயரமாக, 30 சென்ரிமீற்றர் வாலுக்கு ஒரு சென்ரிமீற்றர் சரிவு. வாலின் உயர்ந்த பக்கம் எதுவோ அந்தப் பக்கம்தான் விமானம் திரும்பும். இதை நான் ஒருமுறை மாறி ஒட்டிவிட்டு, அரை மணிநேரம் செட்டையை வளைத்துக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வந்து, "அண்ணா, வால் மற்றப் பக்கம் சரிஞ்சிருக்கு" என்று சொன்னபிறகுதான் பார்த்தேன்.

பிறகு சமநிலைப் புள்ளி. றப்பரைக் கொளுவிய நிலையில் இரண்டு விரல் நுனியில் தாங்கிப் பாருங்கள், இறக்கையின் அகலத்தில் அரைவாசிக்குச் சற்றுப் பின்னால் நிற்க வேண்டும். றப்பர் இல்லாமல் பார்ப்பது வீண்வேலை, பறக்கிற மொத்த நிறையில் மூன்றில் ஒரு பங்கு றப்பர்தானே. புள்ளி தள்ளி நின்றால் களிமண் ஒட்டாதீர்கள், இறக்கையை முன்னே பின்னே நகர்த்துங்கள்.

6. றப்பர்: வெட்டுதல், முடிதல், பழக்குதல்

கடையில் விற்கிற வளைய றப்பர்களைச் சங்கிலியாகக் கோத்துக் கொண்டுவருவார்கள். ஒவ்வொரு முடிச்சும் பாரம், ஒவ்வொரு முடிச்சிலும் அறும், முறுக்கும் ஒரே சீராக ஏறாது. கெற்றப்போலுக்குப் போடுகிற தட்டை லேற்றக்ஸ் றப்பரைக் கூரான பிளேற்றால் கீலமாக வெட்டினால் பழகுவதற்குப் போதும். சைக்கிள் ரியூப் வேண்டாம், அது இழுத்த பலத்தைத் திருப்பித் தராது. போட்டி என்று வந்தால் இதற்கென்றே செய்கிற தட்டை றப்பரைத்தான் வரவழைக்க வேண்டும், ரான் சுப்பர் ஸ்போர்ட் என்பதைத்தான் பலரும் எடுக்கிறார்கள்.

கீலத்தின் அகலம் முழு நீளத்துக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு இருந்தாலும் அறுவது அங்கேதான். எங்களுடைய அளவு 2.3 மில்லிமீற்றர் அகலம், 64 சென்ரிமீற்றர் நீளம், நிறை ஏறக்குறைய 1.5 கிராம். இரண்டு முனையையும் சேர்த்து முடிந்தால் 32 சென்ரிமீற்றர் வளையம் வரும். தண்டில் இரண்டு கொக்கிக்கும் இடைத்தூரம் 25, ஆக வளையம் கொஞ்சம் தொய்ந்து நிற்கும், அது சரி.

எச்சில் தொட்டு முடியுங்கள், கிளிசரின் போட்டபிறகு முடியாதீர்கள், வழுக்கும். முடிந்தபிறகு கிளிசரினில் கொஞ்சம் சவர்க்காரம் கரைத்துத் தடவுங்கள். இந்த வழுக்கல் இல்லாமல் முறுக்கினால் ஒரு இழை மற்றதை உரசி வெட்டும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயும் தையல் மெஷின் எண்ணெயும் தடவாதீர்கள். ஒரு பொடியன் அப்படித் தடவி ஒரு கிழமை வைத்திருந்துவிட்டுக் கொண்டுவந்தான், பையைத் திறந்தால் றப்பர் ஒடியல் கூழ் மாதிரி ஊறிப்போயிருந்தது.

புது றப்பரை நேரே முறுக்காதீர்கள். மூன்று நாலு மடங்கு இழுத்துச் சில நிமிடம் பிடித்து, விட்டு, ஆறவைத்துத் திரும்ப இழுங்கள். இப்படிப் பழக்கினால் பிறகு கூட முறுக்கு ஏற்கும். வெயில்தான் றப்பருக்குச் சத்துரு, ஆகவே மூடுகிற ரின் ஒன்றில் போட்டுத் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வையுங்கள்.

இனி ஒன்றைப் பலி கொடுக்க வேண்டும். ஒரே கீலத்திலிருந்து வெட்டிய ஒரு வளையத்தை அறும்வரைக்கும் முறுக்கி எண்ணுங்கள். எங்களுடையது 1150க்குக் கிட்ட அறுந்தது. அதில் நூற்றுக்கு 85, அதாவது 980, இதுதான் மேல் எல்லை. "அறுக்கிறதுக்கா வாங்கினனாங்கள்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அறுக்காதவன் போட்டியன்று அறுப்பான், விமானத்தோடு சேர்த்து.

7. கால் றப்பரில் வட்டத்தைச் சரிசெய்தல்

முழு றப்பரில் பழகத் தொடங்கினால் ஒவ்வொரு பிழையும் கூரையில் முடியும். அதற்குப் பதிலாகக் கால் றப்பர் செய்யுங்கள்: அதே அகலம், நாலில் ஒரு பங்கு நீளம், அதாவது 8 சென்ரிமீற்றர் வளையம். மிச்ச இடத்தை நிரப்ப ஒரு மூங்கில் குச்சி, அதன் நிறை மிச்ச முக்கால் றப்பரின் நிறை, ஏறக்குறைய 1.1 கிராம். குச்சியின் பின் முனைக் கம்பியைத் தண்டைக் கவ்வுகிற மாதிரி இரட்டையாக வளையுங்கள், இல்லாவிட்டால் குச்சியும் சேர்ந்து சுழலும்.

இதனால் என்ன லாபம்? அகலம் ஒன்று என்றபடியால் காற்றாடிக்குக் கிடைக்கிற பலமும் ஒன்று, விமானத்தின் நிறையும் ஒன்று. நேரமும் உயரமும் மட்டும் நாலில் ஒரு பங்காகும். முழுப் பறப்பை நீங்கள் தலைக்கு மேலேயே வைத்துப் படிக்கலாம்.

முதலில் 100 முறுக்கு மட்டும். வலக் கையால் தண்டை இறக்கைக்குக் கீழே பிடித்து, இடக் கையால் காற்றாடியைப் பிடியுங்கள். காற்றாடியை முதலில் விடுங்கள், பிறகு விமானத்தை அதன் சொந்த வேகத்தில், நாங்கள் ஆறுதலாக நடக்கிற வேகத்தில், கையிலிருந்து வழுக்க விடுங்கள். கடதாசி விமானம் எறிகிற மாதிரி எறியாதீர்கள். எறிந்தால் அது மூக்கைத் தூக்கி விழும், நீங்கள் கோணம் பிழை என்று நினைத்து நல்லாக இருந்ததைக் குழப்புவீர்கள்.

தூக்கித் தூக்கி விழுந்தால் இறக்கையின் முன் காலை அரை மில்லிமீற்றர் இறக்குங்கள். மூக்குக் குத்தினால் அரை மில்லிமீற்றர் ஏற்றுங்கள். வட்டம் பெரிதென்றால் செட்டையின் பின் ஓரத்தை இடப்பக்கம் ஒரு மயிரிழை திருப்புங்கள். 12 மீற்றர் அகல மண்டபத்துக்கு வட்டம் 6 மீற்றருக்குள் நிற்க வேண்டும், காற்று கொஞ்சம் தள்ளினாலும் சுவர் தொடாது.

ஒருமுறைக்கு ஒன்றைத்தான் மாற்றுங்கள். மாற்றியதை எழுதிவிட்டு, அதே 100 முறுக்கில் திரும்ப இரண்டுமுறை விடுங்கள். ஒரு பறப்பை நம்பாதீர்கள், யாராவது கதவைத் திறந்திருப்பார்கள்.

8. முறுக்கும் முறை

விமானத்தில் வைத்து முறுக்காதீர்கள். அறுந்தால் தண்டு தூளாகும். றப்பரின் இரண்டு முனையிலும் ஓ-ரிங் போட்டு, ஒன்றை மேசைக் கொக்கியில் கொளுவி, மற்றதை ட்ரில்லில் கொளுவுங்கள்.

ஐந்து மடங்குக்கு மேல் இழுத்துக்கொண்டு தூரத்தில் நின்று தொடங்குங்கள். பாதி முறுக்கை அந்தத் தூரத்திலேயே ஏற்றிவிட்டு, மிச்சப் பாதியை ஏற்ற ஏற்ற மெல்ல மெல்லக் கிட்ட வாருங்கள். இழுத்த நிலையில் முறுக்கு நீளம் முழுவதும் சமனாகப் பரவும். கிட்ட நின்று முறுக்கினால் ஒரு இடத்தில் முடிச்சு முடிச்சாகத் திரண்டு, அந்த இடம் முதலில் அறும். கெதியாக வந்துவிட்டால் கடைசி ஐம்பது முறுக்கு ஏறாது, மெதுவாக வந்தால் கிட்ட வரும்போதே எண்ணிக்கை முடிந்துவிடும். இது கைப்பழக்கம், பத்து றப்பர் போனால் வரும்.

ஒருவர் முறுக்க மற்றவர் சத்தம் போட்டு எண்ணுவது நல்லது. பக்கத்தில் நின்று கதை கேட்கிற ஆளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். கண்ணாடி இருந்தால் போடுங்கள், அறுந்த றப்பர் கண்ணுக்குத்தான் நேரே வரும்.

9. கூரையை அளத்தல்

வட்டம் சரி என்றால் இப்போது கால் றப்பரில் முழு அளவு, எங்கள் கணக்கில் 245 முறுக்கு. விமானம் விட்ட உயரத்திலிருந்து எவ்வளவு ஏறியது என்று ஒருவர் சுவரோரம் நின்று பார்க்கட்டும். அதை நாலால் பெருக்குங்கள். 2 மீற்றர் ஏறினால் முழு றப்பரில் 8 மீற்றர் கேட்கும், உங்கள் மண்டபமோ 7. மின்விசிறியில் மாட்டும்.

அப்போது செய்யவேண்டியது முழுதாக முறுக்கிவிட்டுக் கொஞ்சம் இளக்குவது. நூற்றுக்கு 85 வரைக்கும் ஏற்றி, பிறகு கால் றப்பரில் 15 முறுக்கு, அதாவது முழு றப்பரில் 60, திருப்பி விடுங்கள். முறுக்கிய றப்பரின் பலம் ஒரே சீராக இறங்குவதில்லை. தொடக்கத்தில் ஒரு வெறி இருக்கும், அது சில விநாடியிலேயே விமானத்தைக் கூரைக்கு அனுப்பிவிடும், பிறகு நீண்ட நேரம் அமைதியாக ஓடும். அந்த வெறியை மட்டும் வெட்டுகிறோம். அப்படியென்றால் முதலிலேயே குறைவாக முறுக்கினால் என்ன என்று கேட்பார்கள். முழுதாக ஏற்றி இளக்கிய றப்பரில், அதே எண்ணிக்கைக்கு மட்டும் முறுக்கியதைவிடத் தொடக்க வெறி குறைவாக இருக்கும். இரண்டையும் விட்டுப் பாருங்கள், தெரியும்.

இளக்கியும் ஏறினால் ஒல்லியான, நீளமான றப்பருக்குப் போங்கள்.

10. மிச்ச முறுக்கைப் படித்தல்

விமானம் இறங்கிய உடனே எல்லோரும் நேரத்தைத்தான் கேட்பார்கள். நேரத்தை எழுதுங்கள், ஆனால் அதோடு காற்றாடியைப் பிடித்து, றப்பரில் எத்தனை முறுக்கு மிச்சம் என்று எண்ணுங்கள். ஒவ்வொன்றாக இளக்கி எண்ண இரண்டு நிமிடம் போகும், போகட்டும்.

கனக்க மிச்சம் இருந்தால், 245இல் 80, 90 என்று, றப்பர் ஒல்லி. முறுக்கு இருக்கிறது, ஆனால் விமானத்தைத் தாங்குகிற பலம் முடிந்துவிட்டது. கொஞ்சம் அகலமான, கட்டையான வளையம் வெட்டுங்கள், நிறை அதே 1.5 கிராமுக்குள். மாறாக, மேலே நிற்கும்போதே முறுக்கு முழுவதும் தீர்ந்து காற்றாடி நின்று விழுந்தால் றப்பர் தடிப்பு, ஒல்லியாக வெட்டுங்கள். நிலத்தைத் தொடும்போது கொஞ்சம் மட்டும் மிச்சம் இருக்கிற அகலம்தான் அந்த விமானத்துக்குரியது. அகலத்தை ஒருமுறைக்கு 0.1 மில்லிமீற்றர் அளவில் மாற்றுங்கள். அளக்க முடியாவிட்டால் ஒரே நீளத் துண்டுகளை வெட்டி நிறுத்துப் பாருங்கள், நிறையே அகலத்தைச் சொல்லும்.

எங்களுக்குள்ளே ஒரு சனிக்கிழமை சின்னப் போட்டி வைத்தோம். ஆகப் பாரமான விமானம், 3.9 கிராம், வென்றது. அதை வைத்திருந்த பிள்ளையின் கொப்பியைப் பிறகு வாங்கிப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் ஐந்து நிரல்: அகலம், முறுக்கு, இளக்கியது, நேரம், மிச்சம். இருபத்திரண்டு வரி. மிச்சம் என்ற நிரலில் 94இல் தொடங்கி, 71, 60, 38 என்று இறங்கி, கடைசியில் 20க்குப் பக்கத்தில் நின்றது. மற்றவர்களின் கொப்பியில் நேரம் மட்டும்தான் இருந்தது, என்னுடையதும் சேர்த்து.

11. போட்டி நாள்

விமானத்தைக் கழற்றி, ரெஜிபோம் பெட்டிக்குள் இறக்கை படாமல் குத்திக் கொண்டுபோங்கள். மோட்டர்சைக்கிளில் பின்னால் கட்டாதீர்கள், உள்வீதியின் குலுக்கலில் கால்கள் குழாயிலிருந்து இளகும். போய்ச் சேர்ந்தால் முதல் வேலை கால்களின் உயரத்தைக் கொப்பியில் எழுதியதோடு ஒப்பிடுவது. அதன்பிறகு கால் றப்பரில் ஒரு பறப்பு. மண்டபம் மாறினால் காற்றும் மாறும், மாரி நாளென்றால் பல்சா ஈரம் குடித்துப் பாரமும் கூடியிருக்கும்.

எஃப்1டியில் ஆறு பறப்பு, அதில் சிறந்த இரண்டைக் கூட்டுவார்கள். மற்ற வகுப்புகளுக்கும் உள்ளூர்ப் போட்டிகளுக்கும் விதி எப்படி என்று முன்னமே கேளுங்கள். சிறந்த இரண்டு என்றால் முதல் பறப்பை அடக்கி வாசியுங்கள், கூட இளக்கி, கூரைக்கு ஒரு மீற்றர் கீழே நிற்கிற மாதிரி. ஒரு நேரம் கையில் வந்தபிறகு இளக்குவதைப் பத்துப் பத்தாகக் குறைத்துக்கொண்டு போங்கள். முதல் பறப்பிலேயே முழு முறுக்குப் போட்டு மின்விசிறியில் மாட்டிவிட்டு, மிச்சப் பறப்பெல்லாம் ஏணி தேடினவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மாட்டினால் பந்து எறியாதீர்கள், கயிறு வீசாதீர்கள். நீளமான கமுகஞ் சிலாகையின் நுனியில் பஞ்சு சுற்றி, தண்டை மட்டும் கீழேயிருந்து மெல்ல உயர்த்துங்கள். சுவரை நோக்கிப் போகிற விமானத்தைச் சிலாகையாலோ பலூன் கட்டிய நூலாலோ திருப்பிவிட விதி இடம் கொடுக்கும், ஆனால் எப்படி, எத்தனை தரம் என்பதை நடுவரிடம் கேட்டுவிட்டுத்தான் கை வையுங்கள். திருப்பப் பழகாமல் போட்டியில் திருப்பப் போனால் இறக்கையைத்தான் கிழிப்பீர்கள். பழகுவதற்கு ஒரு பழைய விமானத்தை வைத்திருங்கள்.

ஒவ்வொரு பறப்புக்கும் புது றப்பர், முதல்நாளே நிறுத்து, முடிந்து, பழக்கி, சின்னப் பைகளில் இலக்கம் போட்டு வைத்தது. ஒருமுறை முழுதாக முறுக்கிய றப்பர் ஆறினாலும் பழைய நீளத்துக்கு முழுக்க வராது, அதைக் கழற்றிப் பழகுகிற ரின்னில் போடுங்கள். கழற்றுமுன் மிச்சத்தை எண்ணி எழுதிவிட்டு.